வெள்ளை பிடிக்காத சுவர்

நாற்பத்தேழு ரூபாய் முப்பத்தைந்து பைசா. இசக்கித்தாய் மகன் மருதப்பன் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. அவன் செத்துப்போனான். பாக்கி சாகவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே அது குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. எழுதினது குமாஸ்தாவின் பேனா. எழுத வைத்தது என் இடது கைப் பெருவிரல்.

நான் மூக்காண்டி. சங்கரன்கோவிலில் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தவன். நாற்பது வயசு தாண்டித்தான் எழுத்துக் கூட்டினேன். அதனால் எழுத்தில் பிழை இருக்கும். கண்டதில் பிழை இல்லை.

எழுபத்தேழாம் வருசம் தை மாசம். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மேலதிகாரி பார்வையிட வருகிறாராம், கிழக்கு வகுப்பறைச் சுவரை ஒரே நாளில் வெள்ளையாக்கணுமாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத மாட்டேன். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்கக் காவியால் பெரிய பெரிய எழுத்து. எனக்கு அது வாசலில் போட்ட கோலம் மாதிரிதான். பியூன் சிவனாண்டி பக்கத்தில் நின்றான்.

"என்னவே எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குவே அது? சுவரு கெடக்கு, சுண்ணாம்பு கெடக்கு, அடி."

அடித்தேன். காவி லேசில் அடங்காது, ஊறி மேலே வரும். மூன்று பூச்சு ஆன பிறகும் சுவர் அறை வாங்கின கன்னம் மாதிரி லேசாகச் சிவந்தே இருந்தது. சாயங்காலம் குமாஸ்தா பெத்துராஜ் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர்.

"ஏலே மூக்காண்டி, ரெண்டு தாள்ல கைநாட்டு வையி. ஒண்ணு கூலிக்கு, ஒண்ணு சுண்ணாம்புக்கு."

எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். கூலிக்கு ஒரு சீட்டு, சாமானுக்கு ஒரு சீட்டு. வைத்தேன். என் பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. சுவர் சுரண்டுகிற தகடு வெட்டினது. மையில் அழுத்தினால் ரேகை இரண்டு துண்டாக விழும். எட்டு ரூபாய் தந்தார். ஐந்து ரூபாய் வேலைக்கு எட்டு ரூபாய். சந்தோசமாக வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் இசக்கித்தாய் என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் தெருக்காரிதான். பின்னால் மருதப்பன். பதினோராம் வகுப்பு, சர்க்கார் விடுதியில் தங்கிப் படிக்கிறவன், எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பயல். என்னை மாமா என்பான்.

"ஏ மூக்காண்டி, பித்தளை எங்கயாவது ஒடையுமா?"

எனக்கு விளங்கவில்லை.

"சொல்லும். ஒடையுமா?"

"நெளியும். ஒடுங்கும். பித்தளை எப்படி ஒடையும்?"

"ஒடைஞ்சுதுன்னு ஒம் பெருவிரலு சொல்லுதே! எம் மவன் ஒடைச்சதக் கண்ணால பாத்தேன்னு சொல்லுதே!"

அப்புறம்தான் முழு விசயமும் தெரிந்தது. பள்ளிக்கூடத்து முன்வராந்தாவில் ஒரு பித்தளைப் பானை இருக்கும், மேலே தம்ளர். அது ஊர்ப் பிள்ளைகளுக்கு. விடுதிப் பிள்ளைகளுக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்பானை. அதைத் தொடவும் கூடாது. பியூன் சிரட்டையில் கோரி மேலேயிருந்து ஊற்றுவான், கையேந்திக் குடிக்கணும். ஒருநாள் மருதப்பனும் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகளும் முன்வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். கூச்சல் இல்லை, கோசம் இல்லை. ஒவ்வொருத்தனாகத் தம்ளரில் மொண்டு குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். மறுநாள் சுவரில் எழுதினார்கள். நான் அழித்தது அதைத்தான்.

தண்ணீர் குடித்ததற்காக ஒரு பையனை வெளியேற்றினால் சட்டம் கேட்கும். அதனால் முதலில் குடித்த மருதப்பன் பானையை உடைத்தான் என்று எழுதினார்கள். விலை நாற்பத்தேழு ரூபாய் முப்பத்தைந்து பைசா. கட்டினால்தான் பரீட்சை எழுத ஹால் டிக்கெட். சாட்சி, மூக்காண்டி. யாரும் வாசிக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதின பொய். இல்லாவிட்டால் பித்தளையை உடைத்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே தாயி. கூலிச் சீட்டுன்னு சொன்னாவ."

மருதப்பன் அம்மா பின்னாலிருந்து முன்னால் வந்தான். என்னைப் பார்த்தான்.

"வாசிக்கத் தெரியாது, சரி. 'வாசிச்சுச் சொல்லுங்க'ன்னு கேக்கவுமா மாமா தெரியாது?"

"ஒம் பெருவிரலு எம் மவன் கழுத்துல கெடக்கு" என்று சொல்லிவிட்டு இசக்கித்தாய் மண்ணை வாரி என் நடையில் இறைத்தாள்.

மறுநாளே போய் 'நான் பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தவர்கள் வீட்டுச் சுவர்கள்தான் எனக்குச் சோறு. மருதப்பன் பாக்கியைச் சம்பாதிக்கக் குருவிகுளத்துப் பக்கம் கிணறு வெட்டப் போனான். ஒன்பதாம் நாள், கல் ஏற்றின கூடை வடம் அறுந்து உள்ளே விழுந்தது. அடியில் அவன் நின்றிருந்தான்.

அவன் சட்டைப்பையில் இருந்த கூலியை இசக்கித்தாய் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய் நீட்டினாளாம். பெத்துராஜ் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு முப்பத்தஞ்சு கொறையுதே" என்றாராம். வருகைப் பதிவேட்டில் பதினேழாம் நம்பரில் இருந்த அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். பாக்கியை அடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் விடுதிக்குப் போனேன். பானையில் மொண்டு குடித்த பிள்ளைகளில் ஒருவன் வீரபாண்டி, அப்போது ஏழாம் வகுப்பு. "எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க தம்பி" என்றேன். அவன் என் பெருவிரலைப் பார்த்தான். அப்புறம் ஒரு கரித்துண்டை எடுத்துத் தந்தான். இரண்டு வருசம். கை சுண்ணாம்பில் வெந்து மரத்துப்போனது, பென்சில் நிற்காது. ஆனாலும் விடவில்லை.

எழுபத்தொன்பதில் என் மகள் பூமாரி அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தாள். அப்போது மருதப்பன் படித்த அந்தக் கிழக்கு வகுப்பறையில்தான் ஆறாம் வகுப்பு நடந்தது. முதல்நாள் சாயங்காலம் வந்து, "யப்பா, எனக்குப் பதினேழாம் நம்பரு" என்றாள்.

மருதப்பனின் நம்பர்.

சிவனாண்டியைப் பிடித்துக் கேட்டேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு வருசமா அந்த ரூம்ல பதினேழாம் நம்பரே கெடையாதுவே. பதினாறு கூப்பிட்டா அடுத்து பதினெட்டுதான். வேற யாரு பிள்ளைக்குக் குடுத்தாலும் அவுக வீட்டுல சண்டைக்கு வருதாவ. ஒன் பிள்ளைன்னா யாரு கேக்கப் போறா?"

"எதுக்குவே அந்த நம்பரைத் தாண்டுதாவ?"

சிவனாண்டி மணியடிக்கப் போய்விட்டான்.

பத்து நாளில் பூமாரி பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வேகாத வெயிலில் வீட்டுக்கு ஓடிவந்து குடத்தைக் கவிழ்ப்பாள். ஏன் பிள்ளை என்று கேட்டால், "கொட்டகைப் பானைத் தண்ணியக் குடிக்கக்கூடாதாம்" என்பாள்.

"யாரு சொன்னா?"

"கடைசி பெஞ்சுல ஒரு அண்ணன் இருக்கு. அதுதான் சொல்லுது."

"ஆறாங்கிளாஸ்ல ஏதுட்டி அண்ணன்?"

"தெரியல. தலையெல்லாம் கல்லுப்பொடியா இருக்கு."

கோவில் திருவிழா ஆடித்தபசு வந்தது. பள்ளிக்கூடம் லீவு. லீவில் கிழக்கு வகுப்பறையை அடித்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மேல்நிலைப் பள்ளியாகப் போகிறதாம், பார்க்க நன்றாக இருக்கணுமாம். வேறு எவனும் அந்தச் சுவருக்கு வரமாட்டேன் என்றிருக்கிறான். நான் போனேன். கூலிக்காக இல்லை. என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க.

கோவில் பக்கம் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஊர் சனம் முழுக்க கோவிலைச் சுற்றுகிற ஆடிச்சுற்றில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் மட்டும். சிவனாண்டி சாவியைத் தந்துவிட்டுப் படி ஏறாமலே போய்விட்டான்.

உச்சிப்பொழுது. ஜன்னல் வழியாக வெயில் பெஞ்சுகளின் மேல் பலகை பலகையாகக் கிடந்தது. வாளியில் சுண்ணாம்பைக் கலக்கினேன். ஈரச் சுண்ணாம்பு வாடை எனக்கு என் வியர்வை வாடை மாதிரி. ஆனால் அதற்கடியில் வேறொரு வாடை வந்தது. வெட்டின பாறை வாடை. வெடிமருந்தும் ஊற்றுச் சேறும் கலந்த, புதுக்கிணற்றின் வாடை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கிணறு கிடையாது.

சுண்ணாம்பு அடிக்கிறவனுக்குத் தெரியும். பூசினவுடனே சுவர் வெள்ளையாகாது. ஈரத்தில் மங்கலாக, அழுக்காகத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். மேலேயிருந்து கீழே ஒரு பூச்சு அடித்து முடித்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு வாசல்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. வெள்ளை நடுவைப் பார்த்து நகர்ந்தது.

நடுவில் சில இடம் காயவில்லை.

சுவர் ஓதம் என்று நினைத்தேன். வெயில் நேரே அதன்மேல் விழுந்தது. சுற்றிலும் பால் மாதிரி வெள்ளை. அந்த இடங்கள் மட்டும் அப்போதுதான் நனைத்த மாதிரி கறுப்பாக மின்னின. வளைவு. கோடு. மறுபடி வளைவு.

எழுத்து.

பீடி விரலைச் சுட்டது. எழுந்தேன். வீரபாண்டி சொல்லித் தந்த மாதிரியே விரலை வைத்துக் கூட்டினேன்.

"ஒ... ஓரே... ஒரே. பா... ப்... பானை. ஒரே பானை. ஒரே தம்... ளர்."

இரண்டு வருசத்துக்கு முன்னால் நான் அழித்தது. இன்றைக்குத்தான் அதை வாசிக்கிறேன். இவ்வளவுதானா? இதற்கா மூன்று பூச்சு அடித்தேன்?

முதுகுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஒருத்தன் எழுந்து நின்றால் கிறீச்சிடுமே, அப்படி.

திரும்பவில்லை.

ஒலிபெருக்கிச் சத்தம் நின்றுபோயிருந்தது. காகம்கூடக் கத்தவில்லை. சுவரில் எழுத்துக்குக் கீழே இன்னொரு வரி ஈரமாகிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து விரலால் எழுதுகிற மாதிரி, மெதுவாக. நான் கூட்டுகிற வேகத்துக்கே எழுதியது.

நான்கு. ஏழு. ஒரு புள்ளி. மூன்று. ஐந்து.

அதற்கும் கீழே.

"சா... சாட்... சி. சாட்சி."

அதற்குப் பக்கத்தில் எழுத்து இல்லை. ஒரு வட்டம். அதற்குள் வட்டம் வட்டமாகக் கோடு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருவிரல் ரேகை.

குறுக்கே வெட்டு விழுந்து, இரண்டு துண்டாக.

"மாமா."

கிணற்றடியிலிருந்து மேலே பேசுகிற குரல். காதுக்குப் பக்கத்திலும் இருந்தது, எட்டாத ஆழத்திலும் இருந்தது.

"வாசிச்சுச் சொல்லுங்க, மாமா."

"மருதப்பா... வாசிச்சுட்டேன்லே..."

"சத்தமா."

என் இடது பெருவிரல் சுடச்சுடச் சுண்ணாம்பில் முக்கினது போல வெந்தது. அப்போது முன்வராந்தாப் பக்கம், பூட்டிக் கிடக்கும் சாமான் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பித்தளைமேல் தம்ளர் வைக்கிற சத்தம்.

ணங்.

வாளியையும் மட்டையையும் போட்டது போட்டபடி ஓடினேன். ஆடிச்சுற்றுச் சனத்துக்குள் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பெருவிரல் வெள்ளையாக இருந்தது. தேய்த்தேன், எண்ணெய் போட்டேன், புளி போட்டேன். போகவில்லை. தழும்பு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

அன்று ராத்திரியிலிருந்து பூமாரி வீட்டிலும் தண்ணீர் குடிக்கவில்லை.

தம்ளரை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. உதடு வெடித்தது. மேல் காய்ச்சலில் கொதித்தது. என் பெண்டாட்டி முப்பிடாதி, கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து பூசினாள். வைத்தியர் வந்தார், "தண்ணி உள்ள போகலைன்னா நாளைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏட்டி மக்கா, ஒரு வாய் குடிட்டி."

"அந்த அண்ணன் இன்னும் குடிக்கலையேப்பா."

"அவன் எப்ப குடிப்பான்?"

பிள்ளை கண்ணைத் திறந்து என் பெருவிரலைப் பார்த்தாள்.

"நீ வாசிச்சா குடிக்குமாம்."

விடிந்தது. பள்ளிக்கூடம் திறந்திருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் விடுதி வாசலில் வீரபாண்டி நின்றான். விசயத்தைச் சொன்னேன். அவன் பிள்ளையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். பேய் என்றோ பிசாசு என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளை குடிக்கல்லன்னா இன்னைக்கு நாங்களும் குடிக்கல்ல. நீங்க பிள்ளையோட மெதுவா வாங்க."

நான் போய்ச் சேருவதற்குள் கொட்டகை மண்பானை கவிழ்ந்து கிடந்தது. விடுதிப் பிள்ளைகள் நாற்பது பேர் அதைச் சுற்றி வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் ஒரு அட்டையில் கரியால் எழுதியிருந்தது. நடந்துகொண்டே வாசித்தேன். ஒரே பானை.

பிள்ளை தோளிலிருந்து இறங்கி, தள்ளாடி, தன் வகுப்புக்குள் போனாள். "பேர் கூப்பிடுவாவப்பா" என்றாள். பிடித்துப் பார்த்தேன், கையை உதறிக்கொண்டு போனாள். நான் பக்கத்து ஆபீஸ் அறைக்குள் நுழைந்தேன். பெத்துராஜ் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தார்.

"ஏலே, செருப்ப வெளிய வுட்டியா? வேலையப் பாதியில போட்டுட்டு ஓடுனவனுக்குக் கூலி ஒரு பைசா கெடையாது."

"கூலி வேண்டாம் அய்யா. நான் கைநாட்டு வச்ச தாளு வேணும்."

"எந்தத் தாளு?"

"பித்தளை ஒடைஞ்ச தாளு."

அவர் முகம் மாறியது. ஜன்னல் வழியாக வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"கைநாட்டு தாளப் பாத்து என்ன செய்யப் போற? மோந்து பாக்கப் போறியா?"

"வாசிக்கப் போறேன்."

"வாசிப்பியோ! எல, சிவனாண்டி, இங்க வாவே. தொரை வாசிக்கப் போறாராம், வந்து கேளு." பீரோவைத் திறந்து, ஒரு கட்டைப் பிரித்து, தாளை மேசைமேல் போட்டார். விரலைத் தாளின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். "வாசி பாப்போம்."

சிவனாண்டி வாசலில் நின்றான். வீரபாண்டி ஜன்னலுக்கு வந்துவிட்டான். முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

"மூ... மூக்காண்டி ஆகிய நான்... மாண... மாணவன் மருதப்பன்... பித்... தளைப் பானையை..."

"நிறுத்தி நிறுத்தி வாசி, ரயிலா போவுது?"

"...உடைத்ததை என் கண்... ணால் பார்த்தேன்."

சத்தமாகத்தான் வாசித்தேன். அறைக்குள் பாறைத்தூள் வாடை அடித்தது. பெத்துராஜ் மூக்கைச் சுளித்தார்.

ஜன்னல் வழியாக வீரபாண்டி தன் பேனாவை நீட்டினான். என் கைநாட்டுக்குக் கீழே எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுவர் அடிக்கிற பாடு. 'நான் பார்க்கவில்லை. மூக்காண்டி.' கையெழுத்து என்று நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

"ஏலே!" பெத்துராஜ் தாளைப் பிடுங்கினார். "இனிமே இந்த ஊர்ல ஒரு சுவருல நீ மட்டைய வச்சிருவியா? ஒம் பிள்ளைய இன்னைக்கே வெளிய..."

பக்கத்து வகுப்பில் வாத்தியார் வருகை எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"பதினஞ்சு."

"உள்ளேன் ஐயா."

"பதினாறு."

"உள்ளேன் ஐயா."

வாத்தியார் தயங்கினார். சுவருக்கு இந்தப்பக்கம் நாங்கள் எல்லோரும் அசையாமல் நின்றோம். பெத்துராஜின் கை தாளைக் கிழிக்கப்போன நிலையிலேயே நின்றது.

"ப... பதினேழு."

"உள்ளேன் ஐயா."

வறண்டுபோன சின்னக் குரல். என் பிள்ளை.

அதன் மேலேயே இன்னொரு குரல். மீசை முளைக்கிற வயசுக் குரல், ஆழத்திலிருந்து.

"உள்ளேன் ஐயா."

வகுப்பிலிருந்து பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெத்துராஜ் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. சிவனாண்டி யாரையும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வராந்தாவில் நடந்து, சாமான் அறையைத் திறந்தான். பானை உடைந்ததாக எழுதின அன்றைக்குப் போட்ட பூட்டு, இரண்டு வருசமாகத் திறக்காதது. துருவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

உள்ளே ஒட்டடை. உடைந்த நாற்காலிகள். நடுவில் பித்தளைப் பானை. ஒரு நெளிவுகூட இல்லை. தரைத் தூசியில் வாசலிலிருந்து பானை வரைக்கும் வெள்ளைக் காலடி. பானையிலிருந்து திரும்பி வந்த காலடி இல்லை.

பானை நிறைய, விளிம்பு வரைக்கும், தெளிந்த தண்ணீர்.

மேலே தம்ளர் கவிழ்ந்திருந்தது. அதன் வெளிப்புறம் ஈரமாக இருந்தது.

பூமாரி எங்கள் காலுக்கிடையில் நுழைந்து போனாள். தம்ளரை எடுத்தாள், மொண்டாள், குடித்தாள். இன்னொரு தம்ளர். இன்னொன்று. தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. அப்புறம் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அப்படி வைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

சத்தம் கேட்டு சாமான் அறை வாசலுக்கு வந்த தலைமையாசிரியர் முன்னால் வீரபாண்டிதான் போய் நின்றான். அவர் அந்த வருசம்தான் மாற்றலாகி வந்தவர். பானை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம்.

"சார், உடைஞ்ச பானை இதுதான். உடைச்சதுக்கு சாட்சி இவருதான். ரெண்டையும் பாத்துட்டு நீங்க எழுதுங்க. இல்லன்னா கலெக்டரு எழுதட்டும். அதுவரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். கூடியிருந்த ஊர்க்காரர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர், "தண்ணியத் தொட விட்டா நாளைக்குக் குலத்தையே தொடுவானுவ சார்" என்றார். தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. நியாயம் தோன்றித்தான் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கண் அந்தக் காலடிகளை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் வேலை இல்லை. வெள்ளையடிக்க ஒருத்தர் கூப்பிடவில்லை. சிலர் எதிரே வந்தால் காறித் துப்பினார்கள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை சுமந்து மிச்சக் காலத்தை ஓட்டினேன். இசக்கித்தாய் கடைசி வரைக்கும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டிய கடன் அவளுக்கு இல்லை. பித்தளைப் பானை வராந்தாவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. காலையில் முதலில் வருகிற பிள்ளை, யாரும் தொடாத தம்ளர் நனைந்திருப்பதைப் பார்க்கும் என்று பூமாரி சொல்வாள். கிழக்கு வகுப்பறைச் சுவரை அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை.

ஆனால் அந்த நாளை முடித்துவிடுகிறேன். தலைமையாசிரியர் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மருதப்பன் பெயரைத் தேடி, நாற்பத்தேழு ரூபாய் முப்பத்தைந்து பைசாவின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "வாசிச்சுக்கோ" என்றார்.

"தள்... தள்ளு... படி. தள்ளுபடி."

மை காய்வதற்காக அதன்மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. மையில் இல்லை, சுண்ணாம்பில். ஈரம் அப்போதுதான் காய்ந்து, ஓரத்திலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் பெருவிரல் கறுத்து, பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

மறுபடி குனிந்து அந்த ரேகையைப் பார்த்தேன். முழு வட்டம்.

அதில் தழும்பு இல்லை.